நின்றவர்களும் நின்று போனவர்களும்

ஒரு காலத்தில் கட்டுரை திரும்பி வருவதில்கூட ஒரு மரியாதை இருந்தது. தபால்காரர் வாசலில் நின்று சைக்கிள் மணியை அடிப்பார். கனமான உறை ஒன்றை நீட்டுவார். அந்தக் கனத்தைக் கொண்டே உள்ளே இருப்பது நம்முடைய சொந்தச் சரக்குத்தான் என்று தெரிந்துகொண்டு, வீட்டிலுள்ளவர்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிடலாம். இந்தக் காலத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. இரவு பதினொன்றரை மணிக்குக் கைப்பேசி ஒரு சப்தம் செய்கிறது. "இந்த வேளையில் யார்? எல்லோரும் சௌக்கியந்தானே?" என்று வீட்டு அம்மாள் எழுந்து உட்காருகிறாள். "ஒன்றுமில்லை, ஒரு பத்திராதிபர் வருத்தம் தெரிவித்திருக்கிறார்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வருத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாளின் கவலை இரண்டு மடங்காகிறது. "ஐயையோ, யாருக்கு என்ன ஆயிற்று?" என்கிறாள்.

ஆனது நமக்குத்தான். ஒரு வருஷத்துக்கு மேல் பாடுபட்டு எழுதி, பொருளாதாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பி, ஐந்து மாதம் காத்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரை நிராகரிக்கப்பட்டு விட்டது. அந்தக் கதையைத்தான் நேயர்களிடம் சொல்லிக்கொள்ளப் போகிறோம். பத்திரிகையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் பேரில் நமக்குக் கோபம் இருந்தது வாஸ்தவம். இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

முதலில் நம்மைப் பற்றி இரண்டு வார்த்தை. முப்பது வருஷ காலம் ஒரு கலாசாலையில் பொருளாதாரம் போதித்து ஓய்வு பெற்றோம். நாம் போதித்தோம் என்பது நிச்சயம்; மாணவர்கள் கற்றுக்கொண்டார்களா என்பது வேறு விஷயம். அத்தனை வருஷமும் பிறர் எழுதிய கட்டுரைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோமே ஒழிய, நாமாக ஒன்று எழுதி, முன்பின் தெரியாதவர்களின் பரிசோதனைக்கு அனுப்பியதே இல்லை. நீச்சல் சாஸ்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்காமலே வீடு திரும்பியவரின் நிலை நம்முடையது.

நமது வாசம் திருப்பாச்சூரில். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் சில மைல் தூரத்திலுள்ள பழைய ஊர். தேவாரப் பாடல் பெற்ற ஸ்தலம். பாசு என்றால் மூங்கில். மூங்கிற் புதருக்குள் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வாசி என்னும் வெட்டுக் கருவி பட்டதாம். அதனால் சுவாமிக்கு வாசீசுவரர் என்று திருநாமம். இப்போது மூங்கிற் காடு இல்லை. கிழக்கே காக்களூர்த் தொழிற்பேட்டை. மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி. தெற்கே, மாவட்ட எல்லைக்கு அப்பால், ஸ்ரீபெரும்புதூர். இவற்றுக்கு நடுவே நம் ஊர். விடியற்காலையில் கோயில் மணி ஒலிப்பதற்கு முன்பே பெருஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸின் ஒலிப்பான் கேட்டுவிடும். தலையில் ஈரம் உலராமல், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சோற்று டப்பாவுமாகப் பெண்கள் சாலையோரம் நின்று கொண்டிருப்பார்கள்.

இந்தக் காட்சியைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டே உலாவப் போவது நம் வழக்கம். ஒரு மார்கழி மாதத்தில் நம் தங்கையின் புத்திரி ஊருக்கு வந்திருந்தாள். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு கலாசாலையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாள். கௌரவம் என்ற வார்த்தை சம்பளத்தின் சிறுமையை மறைப்பதற்காக ஏற்பட்டது என்பது அவளுடைய அபிப்பிராயம். நம்மோடு சாலை வரைக்கும் வந்தவள், பஸ் புறப்பட்டுப் போனதும், "மாமா, இந்தப் பஸ் வந்த பிறகு இவர்கள் வீட்டு வரவு செலவு எப்படி மாறியிருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?" என்றாள்.

அன்றைக்குத்தான் நாம் குளத்தில் இறங்கியது.

இந்த எண்ணம் ஒன்றும் புதிதல்ல. சென்னை சர்வகலாசாலைக்கு 1915-ம் வருஷம் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தார். இந்திய கிராமத்தைப் பற்றிப் புத்தகத்தைப் பார்த்துப் போதிப்பதில் பிரயோஜனமில்லை என்று கண்டு, மாணவர்களை அவரவர் சொந்தக் கிராமத்துக்கு விடுமுறையில் அனுப்பி, நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். அதன் பலனாகத் தென்னிந்திய கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய புத்தகம் 1918-ல் வெளியாயிற்று. அந்தக் கிராமங்களுள் ஒன்று அக்காலத்துத் தென்னாற்காடு ஜில்லாவிலிருந்த இருவேல்பட்டு. இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

கதை அத்துடன் முடியவில்லை. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி விசாரித்து 1940-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குத் திரும்பப் போய், தாங்கள் கண்டதை 1983-ல் பம்பாயின் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் இரண்டு பகுதியாக எழுதினார்கள். ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய மூவரும் 2008 வரையிலான சரித்திரத்தை அதே வாரப் பத்திரிகையில் 2010-ல் வெளியிட்டார்கள். ஒரு சிறு கிராமத்துக்குத் தொண்ணூறு வருஷத்து ஜாதகம் கிடைத்துவிட்டது! முதலில் எழுதிய மாணவன் கூலியைத் தப்பாகக் குறித்திருந்தால் பின்னால் வந்தவர்களின் ஒப்பீடு எல்லாம் தப்பாகப் போயிருக்கும். இதை நாம் வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறோம். நமக்கே சொல்லிக்கொள்ள மறந்துவிட்டோம்.

வேலையை ஆரம்பித்தோம். தினம் விடியற்காலை நாமும் குழந்தையும் நோட்டுப் புத்தகத்தோடு சாலைக்குப் போவோம். பஸ் வருவதற்கு முன்னால் பத்து நிமிஷம் கிடைக்கும். அவள் கேட்பாள், நாம் எழுதுவோம். எந்த வயதில் வேலைக்குச் சேர்ந்தாய், சம்பளம் யார் கையில் போகிறது, சீட்டு உண்டா, நகை உண்டா, வீட்டில் யார் சமையல் என்று கேள்விகள். நோட்டு நிறைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தோஷமான விஷயம். பஸ்ஸில் போகிற பெண்களின் வீட்டில் கடன் குறைந்திருக்கிறது. பெண்ணின் பெயரிலேயே பாங்கிக் கணக்கு இருக்கிறது. தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். 'பஸ் வந்தது, வாழ்வும் வந்தது' என்று சொல்லாத குறையாகக் கட்டுரையை முடித்தோம்.

பதினாறாயிரம் வார்த்தை வந்திருந்தது. பத்திரிகையின் நிபந்தனையோ எட்டாயிரம். பாதியை வெட்ட வேண்டும். நம் குழந்தைப் பருவத்துத் திருப்பாச்சூரைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தோம். முதலில் அது போயிற்று. ஆடம் ஸ்மித்திலிருந்து ஆரம்பித்திருந்த பூர்வ பீடிகை போயிற்று. "மாமா, நம்முடைய கேள்வி என்ன, அதற்குப் பதில் என்ன, அந்தப் பதிலை ஏன் நம்ப வேண்டும்: இந்த மூன்றுக்கும் சம்பந்தமில்லாத வரி எதுவும் வேண்டாம்" என்றாள் குழந்தை. நாம் முப்பது வருஷத்தில் சொல்லாத பொருளாதாரத்தை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அப்புறம் கட்டுரையின் சாரத்தை நூற்றைம்பது வார்த்தையில் தனியாக எழுத வேண்டும். அதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. அப்புறம் வகைக் குறிகள். அமெரிக்கப் பொருளாதார சங்கத்தார் உலகத்திலுள்ள பொருளாதார விஷயங்களை எல்லாம் எழுத்தும் எண்ணுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜே என்றால் தொழிலாளர். ஜே 16 என்றால் ஆண் பெண் வேற்றுமை பற்றியது. ஓ 53 என்றால் ஆசிய நாடுகளின் வளர்ச்சி. ஆர் 41 என்றால் போக்குவரத்து. கையில் சோற்று டப்பாவோடு பனியில் நின்ற நம் ஊர்ப் பெண், ஜே 16, ஓ 53, ஆர் 41 என்ற மூன்று முத்திரைகளோடு கடல் கடந்து போகத் தயாரானாள்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு வேடிக்கை உண்டு. எழுதியவர் யாரென்று பரிசீலகருக்குத் தெரியக் கூடாது. பரிசீலகர் யாரென்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆகவே பெயர் இல்லாத பிரதி ஒன்று, பெயரோடு முகப்புத்தாள் ஒன்று என்று தனித்தனியாக அனுப்ப வேண்டும். 'திருப்பாச்சூர் வாசிகளாகிய நாம்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததைக் குழந்தை கண்டுபிடித்து அடித்தாள். கணினியில் தலைப்பைத் தட்டினால் ஆசிரியர் பெயர் வந்துவிடுகிற இந்தக் காலத்தில் இந்தத் திரையால் பயனில்லை என்று 'அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ' 2011-லேயே இந்த வழக்கத்தைக் கைவிட்டது. நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் பெயரைத் தட்டினால் எதுவும் வராது.

கடைசியாகப் பத்திராதிபருக்கு ஒரு கடிதம்: இந்தக் கட்டுரை வேறெங்கும் வெளிவந்ததில்லை, இதே சமயத்தில் வேறொரு பத்திரிகையின் பரிசீலனையிலும் இல்லை. இது வெறும் சம்பிரதாயமல்ல. பரிசீலகர்கள் பெரும்பாலும் பணம் வாங்காமல், தங்கள் சொந்த வேலையை விட்டுவிட்டுப் படிப்பவர்கள். ஒரே பெண்ணுக்கு நாலு இடத்தில் நிச்சயதார்த்தம் செய்வதுபோல் நாலு பத்திரிகைக்கும் அனுப்புவது அவர்கள் நேரத்தைத் திருடுவதாகும்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். க்ளென் எல்லிஸன் என்பவர் 2002-ல் இந்தக் காத்திருப்பைப் பற்றியே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். முதல் வரிசைப் பொருளாதாரப் பத்திரிகைகளில், அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆறிலிருந்து ஒன்பது மாதத்தில் முடிந்த காரியம், அவர் எழுதிய காலத்தில் சுமார் இரண்டு வருஷம் பிடித்ததாம். திருத்தச் சொல்வதும், திருத்தியதைத் திருத்தச் சொல்வதும் பெருகிவிட்டதே காரணம் என்கிறார். ஆகவே ஐந்து மாதத்தில் பதில் வந்தது நம் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

பதிலோடு பரிசீலகர்கள் இருவருடைய குறிப்புக்களும் இணைக்கப்பட்டிருந்தன. முதலாமவர் நாலு வரியில், விஷயம் சிறியது, கிராமம் ஒன்று, புதுமை இல்லை என்று முடித்திருந்தார். அது உறைக்கவில்லை. இரண்டாமவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். பட்டியல்களின் கூட்டலைச் சரிபார்த்திருந்தார். ஓரிடத்தில் நம் கூட்டல் தவறு. அப்புறம் அமைதியாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்: பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்களை மட்டும் விசாரித்துவிட்டு, பஸ்ஸினால் கிராமத்துக்கு விளைந்த நன்மை இது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நமக்கு மகா கோபம் வந்தது. "இவர் விடியற்காலையில் எழுந்து பார்த்திருக்கிறாரா? பனியில் நின்றிருக்கிறாரா?" என்று கூடத்தில் அங்குமிங்கும் நடந்தோம். வீட்டு அம்மாள் காப்பியை வைத்துவிட்டு, "அவர் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை என்றால் இப்படித்தான் நடக்கத் தோன்றும்" என்றாள்.

அந்த வாரத்திலேயே மற்றொரு மின்னஞ்சல் வந்தது. அயல்நாட்டுப் பெயர் பூண்ட ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து. நம்மை 'மாபெரும் அறிஞரே' என்று விளித்தது. நம் கீர்த்தி எப்படியோ அவர்களை எட்டிவிட்டதாம். கட்டுரையை அனுப்பினால் ஏழே நாளில் பிரசுரம். ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. கட்டணம் வாங்குவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல பத்திரிகைகளிலும் சில, எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவதற்காக ஆசிரியரிடம் தொகை பெறுகின்றன. ஆனால் அவை பரிசோதித்து ஏற்றுக்கொண்ட பிறகு பெறுகின்றன. இந்தப் பத்திரிகையோ படிப்பதாகவே சொல்லவில்லை.

குழந்தையின் நிலைமை தர்மசங்கடமானது. ஒரு நிரந்தர உத்தியோகத்துக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கெடு முடிய ஒரு மாதமே இருந்தது. பிரசுரமான கட்டுரைகளுக்கு மதிப்பெண் உண்டு. முன்பெல்லாம் டாக்டர் பட்டத்துக்கே பிரசுரம் கட்டாயமாக இருந்தது. சர்வகலாசாலை மானியக் குழு 2009-ல் அப்படி ஒரு விதி செய்து, 2022-ல் அதை நீக்கியது. பட்டத்துக்கு நீக்கினாலும், உத்தியோகத்துக்குப் பிரசுரத்தின் மதிப்புப் போய்விடவில்லை. "மாமா, என்னோடு படித்தவர்கள் சிலர் இப்படிக் கட்டித்தான் வெளியிட்டிருக்கிறார்கள்" என்றாள். நம்மைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தொகையைக் கட்ட நம்மால் முடியும். அதுதான் கஷ்டம். முடியாவிட்டால் தர்மத்தைக் காப்பாற்றுவது சுலபம்.

அன்றிரவு ஜார்ஜ் ஆகர்லாஃபின் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டோம். வகுப்பில் எத்தனையோ முறை போதித்தது. பழைய மோட்டார் விற்கும் சந்தையில் எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், விலகிக்கொள்வார். சந்தையில் ஓட்டை வண்டியே மிஞ்சும். இதுதான் சாரம். இந்தக் கட்டுரையை மூன்று பிரபல பத்திரிகைகள் நிராகரித்தன. ஒன்றுக்கு அது அற்ப விஷயமாகத் தோன்றியது. கடைசியில் 1970-ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' வெளியிட்டது. 2001-ல் அவருக்கு வேறிருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. 1967-68-ல் அவர் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஒரு வருஷம் தங்கியிருந்தார் என்பதும், அந்தக் கட்டுரையில் நம் நாட்டுக் கிராமத்துக் கடன் விவகாரமும் வருகிறது என்பதும் நமக்குச் சிறிது பெருமை.

நிராகரிக்கப்பட்டவரெல்லாம் ஆகர்லாஃப் ஆகிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். அன்றிரவு நம் மனத்தில் தைத்தது வேறு. கட்டுரையும் ஒரு பழைய மோட்டார்தானே? கூட்டலில் எங்கே ஓட்டை என்று எழுதியவருக்குத்தான் தெரியும்; படிப்பவருக்குத் தெரியாது. பரிசீலகர் என்பவர் வண்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் கைதேர்ந்த மெக்கானிக். மூடியைத் திறக்காமலே 'நல்ல வண்டி' என்று சீட்டுக் கொடுக்கும் கடைகள் பெருகினால், நல்ல வண்டிக்கும் மதிப்பிராது. நம் தொகை ஒரு கட்டுரையை மட்டும் அச்சிடாது. பக்கத்து வீட்டுப் பையனின் நல்ல கட்டுரையையும் மட்டமாக்கிவிடும்.

மறுநாள் விடியற்காலையில் நாம் மட்டும் சாலைக்குப் போனோம். பஸ் போய்விட்டிருந்தது. கோயில் மதிலோரம் இட்டிலி விற்கும் அம்மாள் நம்மை நன்றாக அறிவாள். "என்னங்க வாத்தியாரய்யா, எழுதினது புஸ்தகத்துல வந்துடுச்சா?" என்று கேட்டாள். வரவில்லை என்றும், ஒருவர் இன்ன ஆட்சேபம் சொல்கிறார் என்றும் சொன்னோம். அவள் இட்டிலித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரு கேக்கறது நியாயந்தானுங்களே. நீங்க பஸ்ஸுக்கு நிக்கறவங்களைத்தான் கேட்டீங்க. வேலையிலேருந்து நின்னு போனவங்களைக் கேட்டீங்களா? எம் மருமவளே ரெண்டு வருஷம் போயிட்டு நின்னுட்டா. உள்ளதான் இருக்கா."

நாம் அப்படியே நின்றுவிட்டோம்.

இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது ஆப்ரஹாம் வால்டு என்ற புள்ளியியல் மேதை ஒரு பிரச்னையை ஆராய்ந்தார். யுத்தத்துக்குப் போன விமானங்களில் எந்தப் பாகம் பலவீனமானது என்று அறிய வேண்டும். ஆனால் பார்ப்பதற்குக் கிடைப்பவை திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே. திரும்பி வந்ததில் குண்டு துளைத்த இடம், துளைத்தும் பிழைக்கக்கூடிய இடம் என்றாகிறது. உயிர்நிலையில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிறவற்றைக் கொண்டு, தெரியாமற் போனவற்றை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு அவர் வழி கண்டார். அவரே இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் சொற்பொழிவு செய்ய வந்து, 1950-ம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி நம் நீலகிரி மலையில் விமான விபத்தில் மனைவியுடன் காலமானார். இந்த உண்மையையும் நாம் வருஷா வருஷம் வகுப்பில் சொல்லி வந்தோம். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். சொன்னவருக்கே அதன் பொருள் விளங்க ஓர் இட்டிலிக்கார அம்மாள் வேண்டியிருந்தது.

குழந்தையை வரவழைத்து விஷயத்தைச் சொன்னோம். நோட்டுப் புத்தகத்தோடு தெருத் தெருவாகப் போனோம். இம்முறை சாலைக்கு அல்ல, வீடுகளுக்கு. இட்டிலிக்கார அம்மாளின் மருமகள்தான் முதல் பெயர். குழந்தை பிறந்த பிறகு இராமுறை வேலைக்குப் போக முடியாமல் நின்றவள். நாள் முழுவதும் நின்றே செய்யும் வேலையில் கால் வீங்கி நின்றவள் ஒருத்தி. பஸ் பாதை மாறியதால் நின்றவர்கள் சிலர். ஒப்பந்தம் முடிந்தது என்று நிறுத்தப்பட்டவர்கள் சிலர். கல்யாணத்துக்காக நின்று, கல்யாணமான பிறகு மறுபடி போக விரும்பியும் முடியாதவர்கள் சிலர். ஒரு பெண், பரண்மேல் டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த பழைய அடையாள அட்டையை எடுத்து வந்து காட்டினாள். படத்தில் சிரித்துக் கொண்டிருந்தாள்.

எண்களை இங்கே சொல்வதற்கில்லை. கட்டுரை இன்னும் பரீட்சையில் இருக்கிறது. தீர்ப்புக்கு முன் தமுக்கடிப்பது முறையாகாது. ஒன்று மட்டும் சொல்லலாம். பஸ்ஸினால் நன்மை இல்லை என்று ஆகிவிடவில்லை. நன்மை உண்டு. ஆனால் அது வேலையில் நீடிக்க முடிந்தவர்களுக்கு உண்டான நன்மை. நீடிப்பவர் யார், நீடிக்காதவர் யார், நின்ற பிறகு அந்த வீட்டுக் கடன் என்ன ஆகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. நம் பழைய கட்டுரை அந்தக் கேள்வியையே மறைத்துவிட்டது. அது அப்படியே அச்சாகியிருந்தால், நாளைக்கு யாரோ ஓர் அதிகாரி அதைக் காட்டி, 'பஸ் விட்டாயிற்று, குறை தீர்ந்தது' என்று கோப்பை மூடியிருக்கலாம். மருமகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது.

எண் என்பது அற்ப விஷயமல்ல. தாதாபாய் நௌரோஜி, ஆங்கில ஆட்சியில் இந்தியன் ஒருவனுடைய வருஷ வருமானம் இருபது ரூபாய்தான் என்று கணக்கிட்டுக் காட்டினார். மாகாணம் மாகாணமாக, சாகுபடி நிலம் இவ்வளவு, விளைச்சல் இவ்வளவு, விலை இவ்வளவு என்று சர்க்காரின் சொந்தப் புள்ளிகளைக் கொண்டே போட்ட கணக்கு அது. அதை அவர் மறைத்து வைக்கவில்லை. எதிரிகளும் சோதிக்கும்படி முன்னால் வைத்தார். சோதனைக்கு அஞ்சாத எண்ணாக இருந்ததால் அது தேசத்தின் வாதமாயிற்று. அப்படிப்பட்ட நாட்டில் பிறந்துவிட்டு, சோதனைக்குப் பயந்து ஏழு நாள் பிரசுரத்துக்குப் பணம் கட்டுவதா?

இதை நாம் பிரசங்கமாகச் சொல்ல வாயெடுக்கும் முன்பே குழந்தை முடிவு செய்துவிட்டாள். "மாமா, அந்த அக்காள் பரணிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாளே. யாருமே படிக்காமல் அச்சாகிற இடத்தில் அதைக் கொண்டுபோய்ப் போட எனக்கு மனசு வரவில்லை" என்றாள். விண்ணப்பத்தின் கெடு தாண்டிவிட்டது. அந்த உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று. அவள் இன்னமும் கௌரவ விரிவுரையாளர்தான். இதனால் அவளுக்கு நஷ்டமில்லை என்று நாம் சொன்னால் அது பொய். நஷ்டம் உண்டு. அதை அவள் அறிந்தே ஏற்றாள்.

கட்டுரையைத் திரும்ப எழுத எட்டு மாதமாயிற்று. இரண்டாம் பரிசீலகரின் மூன்று பக்கத்தையும் வரி வரியாக எதிரில் வைத்துக்கொண்டு எழுதினோம். முகம் தெரியாத அந்த மனிதர் எங்கிருந்தாலும் நீடூழி வாழ வேண்டும். வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினோம். கட்டுரையின் அடியில், பெயர் தெரியாத பரிசீலகருக்கு ஒரு நன்றி எழுதினோம். அதற்கு மேல், திருப்பாச்சூர்க் கோயில் மதிலோரத்து இட்டிலிக்கார அம்மாளுக்கு நன்றி என்று எழுதினோம். ஆசிரியர் இன்னார் என்று அது காட்டிக் கொடுத்துவிடும் என்று குழந்தை முதற் பிரதியில் அதை அடித்துவிட்டாள். ஏற்றுக்கொண்டால் மறுபடி சேர்த்துக்கொள்ளலாமாம்.

சென்ற மாதம் ஓரிரவு கைப்பேசி மறுபடி ஒலித்தது. வீட்டு அம்மாள் எழுந்து விளக்கைப் போட்டாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தோம்.

"மறுபடி வருத்தமா?" என்றாள்.

"இல்லை, திருத்தம். இருபத்திரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதித் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள்."

"இருபத்திரண்டா! பதில் தெரியுமா?"

"பத்துக்குத் தெரியும்."

"மற்றதை இட்டிலிக்கார அம்மாளிடம் கேட்டுக்கொள்ளலாம். விளக்கை அணையுங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்தாள்.